வெளிநாடு என்றொரு வாடிக்கையாளர்

2018 செப்டம்பர் 17 — பாடக் கட்டணம், 340 லெவா.
2018 நவம்பர் 30 — அச்சகம் தந்த முன்பணம், 500 லெவா.
2019 பிப்ரவரி 25 — ஏற்றிய பெயர்கள், 1,914.
2019 ஜூன் 6 — அழிந்த பெயர்கள், 212.
2019 ஜூன் 10 — மீட்ட பெயர்கள், 0.

லோவெச் ஊரைச் சேர்ந்த வெலிசார் பெனேவ் தன் நோட்டில் எழுதிவைத்த ஐந்து வரிகள் இவை. ஆறாவது வரியை எழுத அவனுக்கு நான்கு மாதம் பிடித்தது.

முதல் வரி எழுதியபோது அவனுக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் இருபத்தோரு வருஷம் ஊரிலிருந்த காய்கறிப் பதனத் தொழிற்சாலையில் புரோகிராம் எழுதினான். ஆட்களின் சம்பளம், கிடங்கில் இருந்த தக்காளி டப்பாக்கள், லாரி வந்துபோன நேரம் எல்லாமே அவன் எழுதியதில்தான் ஓடின. தொழிற்சாலை கை மாறியது. புது முதலாளிகள் தயாராக இருந்த ஒரு மென்பொருளைக் கையோடு கொண்டுவந்து, வெலிசாரைக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். அவனுக்குத் தெரிந்த பழைய மொழிக்கு வேலை கொடுப்பார் இல்லை. தலைநகர் சோஃபியாவில் இருந்த கம்பெனிகள் பைத்தான் தெரியுமா என்று கேட்டன. தெரியும் என்றால் ஜாங்கோ தெரியுமா என்று கேட்டன.

பைத்தானில் இணையதளம் கட்டுகிறவர்களுக்குச் சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் கட்டமைப்புதான் ஜாங்கோ. வெலிசார் நாற்பத்தெட்டுப் பாடங்கள் கொண்ட ஒரு வகுப்பை இணையத்தில் வாங்கினான். முதல் நாள் சாயங்காலமே திரையில் ஒரு ராக்கெட் படம் வந்தது. எல்லாம் சரியாக நிறுவப்பட்டது என்பதற்கு அது அடையாளம்.

"இஸ்க்ரா, இங்க வா! ராக்கெட் பறக்குது பாரு."

மருந்துக்கடையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்த அவன் மனைவி இஸ்க்ரா, கோட்டைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா முந்நூத்தி நாப்பது லெவா? சந்தையில ஒரு பலூன் வாங்கியிருந்தா நெசமாவே பறந்திருக்கும்."

பழைய மொழியில் ஒவ்வொரு வரியும் அவன் கையால் எழுதியது. எது ஏன் நடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இங்கே அவன் எழுதாத காரியங்கள் தாமாக நடந்தன. ஆரம்பத்தில் அது அவனுக்குப் பிடிக்கவில்லை. பாடத்தை நிறுத்தி நிறுத்தி, இதை யார் செய்தது, எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினான். பத்தாம் பாடத்துக்குள் தேடல் பாதியாகக் குறைந்தது. இருபதாம் பாடத்தில் நின்றேவிட்டது. நோட்டில் கேள்விக்குறி போட்ட பக்கங்களை எண்ணினால் இது தெரியும். முதல் ஐந்து பாடங்களுக்கு அறுபத்து மூன்று கேள்விக்குறிகள். இருபதாம் பாடத்துக்குப் பின் ஒன்றுகூட இல்லை.

அந்த நவம்பரில்தான் மின்சோ அவனைக் கூப்பிட்டார். ஆற்றோரத் தெருவில் சின்ன அச்சகம் வைத்திருந்தவர். அறுபத்து மூன்று வயது. திருமண அழைப்பிதழ், ஜாம் பாட்டில் லேபிள் எல்லாம் அடிப்பார் என்றாலும் சோறு போட்டது அஞ்சலித் தாள்தான். ஒருவர் இறந்த அன்றும், நாற்பதாம் நாளும், ஆறாம் மாதமும், ஓராண்டிலும், பிறகு வருஷா வருஷமும் அவர் படம் போட்ட தாள் வீட்டு வாசலிலும் விளக்குக் கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஏற வேண்டும். தாளைப் பார்த்துத்தான் ஊர் கல்லறைக்கு வரும். தாள் இல்லையென்றால் அன்று அவருக்கு நாளே இல்லை.

இந்தத் தேதிகளையெல்லாம் காத்தவர் நெவேனா. ஐம்பத்தெட்டு வயது, விதவை, பத்தொன்பது வருஷமாக மின்சோவிடம் வேலை. நான்கு மர இழுப்பறைகள் நிறைய அட்டைகள் வைத்திருந்தார். ஓர் அட்டைக்கு ஓர் ஆள், படத்தோடு. வெள்ளிக்கிழமை காலையில் அடுத்த ஏழு நாளுக்கான அட்டைகளை எடுப்பார், வீட்டாருக்குப் போன் செய்வார், அச்சானதும் பசை வாளியும் தூரிகையுமாகக் கிளம்புவார். ஒவ்வொரு தாளையும் ஒட்டிய பிறகு உள்ளங்கையால் முகத்தின் மேல் ஒரு தடவை அழுத்தித் தடவிவிடுவார்.

"தம்பி, இந்த ஊர்ச் சாவெல்லாம் இவ தலையிலதான் இருக்கு," என்றார் மின்சோ. "நாளைக்கு இவ படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல இறக்கிக் குடு."

"தலையை இறக்குறதுன்னா கழுத்தையும் சேர்த்து வாங்கிக்கச் சொல்லு," என்றார் நெவேனா, தாள்களை எண்ணிக்கொண்டே. "வலி தாங்கல."

வெலிசாருக்கு இது நல்ல வாய்ப்பு. சோஃபியாவில் காட்ட, உண்மையில் ஓடுகிற ஒரு வேலை கையில் இருக்கும். மூன்று அட்டவணைகள் போட்டான். மேலே வாடிக்கையாளர் குடும்பம், அதன் கீழ் இறந்தவர், அவருக்குக் கீழ் நினைவு நாட்கள். ஓட்டிப் பார்த்தபோது ஜாங்கோ ஓட மறுத்தது. மேல் வரியை யாராவது அழித்தால் அதில் தொங்கும் கீழ் வரிகளை என்ன செய்வது என்று நீ சொல்லவில்லையே என்று கேட்டது.

நியாயமான கேள்வி. பதினைந்து வருஷத்துக்கு முந்திய வெலிசார் அதைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சிகரெட் பிடித்து யோசித்திருப்பான். இந்த வெலிசார் பன்னிரண்டாம் பாடத்தைத் திறந்தான். அதில் இருந்த உதாரணம் ஒரு கட்டுரையும் அதற்கு வாசகர்கள் எழுதிய கருத்துகளும். கட்டுரை போனால் கருத்துகளும் போகட்டும் என்பதற்கு ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லை எடுத்து ஒட்டினான். பிழை மறைந்தது. கீழே ஏதாவது தொங்கும்வரை மேலே அழிக்கவே விடாதே என்பதற்கும் ஒரு சொல் உண்டு. அதே பக்கத்தில் நான்கு வரி தள்ளி இருந்தது. அவன் அவ்வளவு தூரம் இறங்கவில்லை.

ஜனவரி, பிப்ரவரி முழுக்க நெவேனா அட்டையைப் படிக்க, அவன் தட்டினான்.

"பெத்கோ. தேனீ வளத்தவன். கடைசி வரைக்கும் எனக்கு அஞ்சு பாட்டில் தேன் பாக்கி. அதை எழுதாத."

"எழுதல அக்கா."

"எழுதினாலும் தப்பில்ல. பொய்யா சொல்றேன்?"

கடைசி இழுப்பறை மட்டும் அவன் வீட்டுக்கு எடுத்துப்போனான். அதில் இருந்தவை 212 அட்டைகள். பிள்ளைகள் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இருந்தார்கள், இங்கே வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஊர் முகவரி இல்லாமல் குடும்பம் போட முடியாதபடி அவனே புரோகிராமை எழுதியிருந்தான். அதைத் திருத்த ஒரு நாள் ஆகும். அவன் திருத்தவில்லை. "வெளிநாடு" என்று ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கி, முகவரி இடத்தில் வெறும் கோடு போட்டு, 212 பேரையும் அதில் தொங்கவிட்டான். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். நெவேனாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாரப் பட்டியலில் இறந்தவரின் பெயரும் தேதியும் மட்டுமே வரும் என்பதால் அவர் கண்ணிலும் அது படவில்லை.

பிப்ரவரி 26 அன்று பழைய தாள் வண்டி வந்தது.

"அட்டைங்க ஒரு வருஷம் கெடக்கட்டுமே," என்றார் நெவேனா.

"எதுக்கு அக்கா, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று சிரித்தான் வெலிசார். இழுப்பறைகளை வண்டியில் கவிழ்த்தவனும் அவன்தான். தினமும் நகல் எடுத்து வைப்பது எப்படி என்பது நாற்பத்து நான்காம் பாடம். அவன் அப்போது முப்பத்தொன்றில் இருந்தான்.

ஜூன் 6, வியாழன், காலை 10.42. வாடிக்கையாளர் பட்டியலில் போன் நம்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நெவேனா, "வெளிநாடு" என்ற பெயரைக் கண்டார். முகவரி இடத்தில் வெறும் கோடு, நம்பர் இல்லை. யாரோ சோதனைக்குப் போட்ட குப்பை என்று நினைத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினார். ஜாங்கோவோடு வரும் பக்கம் என்றால் இதனோடு என்னென்ன போகும் என்று பட்டியல் போட்டு, நிச்சயமா என்று கேட்டிருக்கும். அது அழகாக இல்லையென்று வெலிசார் தானே ஒரு பக்கம் செய்திருந்தான். அவன் பக்கம் எதையும் கேட்காது.

ஜூன் 10 திங்கட்கிழமை அவனுக்குப் போன் வந்தது. அச்சகத்துக்குள் நுழைந்தபோது வெயிலில் கருத்த ஓர் ஆள் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான். கிராசிமிர் என்று பெயர். ஸ்பெயினில், சரகோசாவில் கட்டட வேலை.

"ரெண்டு நாள் பஸ்ல வந்தேன்யா! எங்கம்மாவுக்கு நேத்து ஓராண்டு. தெருவுல ஒரு தாள் இல்ல. கல்லறையில நானும் சித்தியும் பாதிரியாரும் மட்டும் நிக்கிறோம். நாப்பது பேருக்குச் செஞ்ச சாப்பாடு. யாருக்குப் போட்டேன் தெரியுமா? நாய்க்கு!"

மின்சோ கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். "தம்பி, பாரு, என்ன ஆச்சுன்னு பாரு."

வெலிசார் உட்கார்ந்து பார்த்தான். யார், எப்போது, எதைச் செய்தார்கள் என்ற பதிவு இருந்தது. அதை மட்டும் அவன் ஒழுங்காகச் செய்திருந்தான்.

"வியாழக்கிழமை அழிச்சிருக்கு. நெவேனா அக்கா பேர்ல."

"நான் ஒரே ஒரு வரியத்தான் அழிச்சேன், மின்சோ! வெளிநாடுன்னு இருந்துச்சு. ஆளே இல்லாத வரி."

"ஒரு வரிய அழிச்சா எரநூறு பேர் எப்படிப் போவாங்க?" என்று கேட்டார் மின்சோ. நெவேனாவிடம் கேட்கவில்லை. வெலிசாரைப் பார்த்துக் கேட்டார்.

வெலிசாருக்கு அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. பன்னிரண்டாம் பாடம், ஒட்டிய சொல், கடைசி இழுப்பறை. வெள்ளிக்கிழமை சோஃபியா கம்பெனியோடு அவனுக்கு நேர்காணல் இருந்தது. காட்டப்போவது இந்த வேலையைத்தான்.

"பாத்து அழுத்தியிருக்கணும் அண்ணே," என்றான்.

நெவேனா அவனைத் திட்டவில்லை. அதுதான் பிறகு அவனை விடவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்," என்றார். அவர் அவனை நம்பினார்.

"வீட்டுக்குப் போ நெவேனா. நாளைக்குப் பேசிக்கலாம்," என்றார் மின்சோ.

நெவேனா பசைத் தூரிகையைக் கழுவித் தலைகீழாக மாட்டினார். நீல மேலங்கியை மடித்து அதன் மேல் சாவியை வைத்தார். மறுநாள் வரவில்லை. மறுநாள் வெலிசார் அந்தச் சொல்லை மாற்றினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை நேர்காணலில் கணினித் திரையில் தெரிந்த ஒரு சின்னப் பெண், மேல் வரி அழிந்தால் கீழ் வரிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவன் ஆறு நிமிஷம் பேசினான். எந்த இடத்தில் தடுக்க வேண்டும், ஏன் எச்சரிக்க வேண்டும், உதாரணத்தை அப்படியே ஒட்டினால் என்ன ஆகும் என்று விளக்கினான். "இவ்வளவு தெளிவா யாருமே சொன்னதில்ல சார்," என்றாள் அவள். வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே வேலை, ஆறு மாதம் சோதனைக் காலம்.

மறுநாள் ஜூன் 15, செர்ரிச் சனிக்கிழமை. இறந்தவர்களுக்காக வேகவைத்த கோதுமையும் செர்ரியும் கல்லறையில் கொடுக்கிற நாள். அதுவரை வீட்டில் யாரும் செர்ரி தின்னமாட்டார்கள். வாங்கிக்கொள்கிறவர், அந்த இறந்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். வெலிசார் தன் அப்பாவின் கல்லருகே நின்றிருந்தான். இரண்டு வரிசை தள்ளி நெவேனா தன் கணவருக்காகத் தட்டை ஏந்தி நின்றார். கிராசிமிரின் சித்தி அந்தப் பக்கம் வந்தாள்.

"எடுத்துக்கோங்க," என்று தட்டை நீட்டினார் நெவேனா.

"உன் கையால வேணாம். எங்கக்காவ மறந்த கை அது."

பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. கல்லறையில் நீட்டிய தட்டை மறுப்பதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னும் இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பி நடந்தார்கள். நெவேனா தட்டோடு நேராக வெலிசாரிடம் வந்தார்.

"நீயாவது எடுத்துக்கோ தம்பி."

ஒரு செர்ரியை எடுத்துக்கொண்டான். "கடவுள் மன்னிக்கட்டும்," என்றான். அவர் கணவருக்காகச் சொல்ல வேண்டியது அது. அவன் வாயில் வேறு எதற்காகவோ வந்தது.

"மன்னிக்கட்டும்," என்றார் நெவேனா.

தின்ன முடியவில்லை. கீழே போடவும் முடியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "செர்ரிய யாராவது வெள்ளைச் சட்டையில போட்டுட்டு வருவாங்களா?" என்று இஸ்க்ரா இரண்டு நாள் திட்டினாள். ஆகஸ்டில் நெவேனா வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்பெயினில், வலென்சியாவில் இருந்த மகளிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டான்.

அந்தக் கோடையில் ஒன்பது குடும்பங்கள் வெளிநாட்டிலிருந்து போனில் மின்சோவைத் திட்டின. திட்டும்போது பெயரும் தேதியும் சொன்னதால் ஒன்பது பேர் திரும்பக் கிடைத்தார்கள். மற்றவர்களுக்குத் திட்டவும் ஆளில்லை.

செப்டம்பர் முதல் வாரம், அச்சகக் கம்ப்யூட்டரில் இனியாவது நகல் எடுத்து வைப்போம் என்று போன வெலிசார் படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தான். வரிகள் அழிந்தாலும் ஜாங்கோ படங்களைத் தொடுவதில்லை. அட்டைகளிலிருந்து எடுத்த படங்கள் அப்படியே இருந்தன. பெயருக்குப் பதில் வெறும் எண் இட்டுச் சேமித்ததும் அவன்தான். எந்த வரியோடும் சேராத 203 முகங்கள். தலையில் துணி கட்டியவர்கள், ராணுவத் தொப்பிக்காரர்கள், யாரோ ஒருவரின் திருமணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த பாதிச் சிரிப்பு.

மின்சோவுக்கு முகங்கள் தெரியவில்லை. "நான் எழுத்தப் பாக்கறவன். தாள்ல ஒரு எழுத்து தப்பா விழுந்தா முப்பது வருஷம் மறக்க மாட்டேன். மூஞ்சி மறந்துடும்."

தெரிந்தவர் ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் இஸ்க்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"மூணு மாசமா ரொட்டி வாங்க ஆத்தச் சுத்திப் போற. நீ போகாம ஒதுக்குற தெருவுல இருக்கறது ஒரு ரொட்டிக்கடையும் மின்சோ கடையும்தான்."

செப்டம்பர் 16 அன்று 203 படங்களையும் சீட்டுக்கட்டு அளவில் அச்சிட்டு, பின்னால் எண் போட்டு, ஒரு கடிதத்தோடு வலென்சியாவுக்கு அனுப்பினான். கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. பன்னிரண்டாம் பாடத்தையும் எழுதினான், நேர்காணலையும் எழுதினான். தப்பு உங்களுடையது இல்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எழுதினான். அதை எழுத நான்கு தாள் கிழிந்தது.

அக்டோபர் 8 அன்று தடித்த உறை வந்தது. உள்ளே 88 படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பொடி எழுத்தில் பெயர், இறந்த தேதி, பிள்ளை இருக்கும் ஊர். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "மின்சோவுக்குத் தெரியுமா?" அவ்வளவுதான்.

சொல்லப்போகிறேன் என்று பதில் போட்டான். நோட்டில் ஆறாவது வரியாக 88 என்று எழுதினான்.

அக்டோபர் 29 அன்று 71 வந்தன. சீட்டு இல்லை. நவம்பர் 21 அன்று 43 வந்தன. அதிலும் சீட்டு இல்லை. மொத்தம் 202. மூன்று முறை எண்ணினான். 117ஆம் எண் வரவில்லை. கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய ஒரு கிழவி, மடியில் பூனை. இவரைத் தெரியவில்லையா என்று எழுதிக் கேட்டான். பதில் இல்லை.

மின்சோவிடம் அவன் சொல்லவில்லை. சோதனைக் காலம் டிசம்பரில் முடியட்டும், சின்ன ஊர், பேச்சு சோஃபியா வரைக்கும் போகும் என்று தனக்குத்தானே காரணம் வைத்திருந்தான். டிசம்பர் போயிற்று. ஜனவரியில் ஒரு நாள் இஸ்க்ரா சூப்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"வேலை நிரந்தரமாயிடுச்சு. இன்னும் எதுக்குக் காத்திருக்க? பென்ஷன் வரட்டும்னா?"

ஜனவரி 20 அன்று ஆற்றைச் சுற்றாமல் நேராகப் போனான். மின்சோ தாள் வெட்டும் இயந்திரத்தில் இருந்தார். வெலிசார் சொல்லி முடிக்கும்வரை கைப்பிடியை விடவில்லை.

"அந்த ஒரு வரி நீ போட்டதா?"

"ஆமாண்ணே."

"அது போனா மத்ததும் போகும்னு எழுதினதும் நீதானா?"

"நான்தான். படிக்காம எழுதினேன்."

"அன்னிக்கு இங்கயே நின்னு, பாத்து அழுத்தியிருக்கணும்னு சொன்ன."

"சொன்னேன்."

"பத்தொம்பது வருஷத்துல அவ ஒரு தேதி தவறவிட்டதில்லடா. நான் அவள வீட்டுக்குப் போன்னேன். கடைக்குள்ள, ஊருக்கு முன்னால." மின்சோ இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தார். "இப்ப நான் அவளுக்கு என்னன்னு சொல்றது?"

"நான் சொல்றேண்ணே. தாள் அடிச்சுக் குடுங்க. நானே ஒட்டறேன்."

மின்சோ எழுந்து அச்செழுத்துகளைத் தேட ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அதுதான்.

"கறுப்புக் கட்டம் போடணுமா வேணாமா?"

"போடுங்க. அப்பதான் நின்னு படிப்பாங்க."

"நீ செத்துட்டன்னு நெனப்பாங்க."

"ஒரு நாளைக்கு நெனச்சுக்கட்டும்."

தாளில் இருந்தது இதுதான்: "சென்ற ஜூன் மாதம் இவ்வூரைச் சேர்ந்த 212 பேரின் நினைவு நாட்கள் தொலைந்ததற்குக் காரணம், நான் எழுதிய புரோகிராமில் நான் செய்த தவறு. நெவேனா டோச்சேவா எந்தத் தவறும் செய்யவில்லை. அது தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. வெலிசார் பெனேவ்."

ஜனவரி 22, புதன்கிழமை, நாற்பது தாள்கள். தலைகீழாக மாட்டியிருந்த நெவேனாவின் தூரிகையை எடுத்துக்கொண்டு, அவர் போகும் வழியிலேயே போனான். பசை நீர்த்துவிட்டது. முதல் ஆறு தாள்கள் சரிந்தன, திரும்பப் போய் ஒட்டினான். பஸ் நிறுத்தத்தில் பையோடு நின்ற ஒரு பாட்டி கண்ணாடியைத் தேடினாள்.

"யாருப்பா போயிட்டாங்க?"

"யாரும் போகல. தப்பு செஞ்சவன் எழுதினது."

அவள் மூக்கை ஒட்டிவைத்துப் படித்தாள். "எந்தப் பய இவன்?"

"நான்தான்."

அவனை மேலும் கீழும் பார்த்தாள். "படம் போடலியே. மூஞ்சி தெரியாம எப்படித் திட்டுறது?" என்றாள். பிறகு நேரில் பார்த்தே திட்டினாள், பஸ் வரும்வரை.

கல்லறை வாசலில் கடைசித் தாளை ஒட்டினான். யாரோ அதைப் படம் பிடித்து வலென்சியாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அவன் அனுப்பவில்லை. அனுப்பினால் கூலி கேட்பது போலிருக்கும் என்று பட்டது.

ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து மெல்லிய உறை ஒன்று வந்தது. சீட்டு ஏதும் இருக்கிறதா என்று இரண்டு முறை உதறிப் பார்த்தான். இல்லை. ஒரே ஒரு படம், பூனைக்காரக் கிழவி, எண் 117. பின்னால் அதே பொடி எழுத்து: "த்ஸ்வெத்தா ரால்சேவா. என் எதிர் வீடு. ஆண்டு நாள் மார்ச் 9. பசையைக் கெட்டியாகக் கலக்கவும், எங்கள் தெருவில் காற்று அதிகம்."

முப்பது வருஷம் எதிர் வாசலில் பார்த்த முகம். அதை அடையாளம் காண நெவேனாவுக்கு ஐந்து மாதம் தேவைப்பட்டிருக்காது.

வெலிசார் படத்தைக் கம்ப்யூட்டருக்கு முன் சாய்த்து வைத்து, பெயரை ஏற்றினான், தேதியை ஏற்றினான், இரண்டு நகல் எடுத்தான். பிறகு நோட்டைத் திறந்து கடைசி வரியை எழுதினான்.

2020 பிப்ரவரி 18, செவ்வாய் — 1.